பாட்டில் அடங்காத கடன்

நகானிஷி ரெய் 1938இல் மஞ்சூரியாவில், ஜப்பான் பிடித்துவைத்திருந்த மண்ணில் பிறந்தவர். வீட்டுத் தொழில் சாக்கே மது வடிப்பது. 1945இல் சோவியத் படை நுழைந்ததும் எல்லாம் போச்சு. சின்னஞ்சிறு வயசிலேயே அகதி. பிறகு பிரெஞ்சுப் பாடல்களை மொழிபெயர்த்து, அறுபதுகளில் புகழ்பெற்ற பாடலாசிரியரானார். அண்ணன் வாங்கிய கடனைப் பாட்டுக் காசில் அடைத்தார்.

மூன்று நிமிஷப் பாட்டு துக்கத்தைப் பொதுவாக்கிக் கரைத்துவிடும். யார் யாருக்குக் கடன்பட்டார் என்று கேட்காது. அந்தக் கணக்கை 'சகோதரர்கள்' (1998) நாவலில்தான் திறக்கிறார். நவோகி பரிசு (2000) வந்ததோ நாகசாகிப் பழம்பாட்டுகளைத் தேடும் கெய்ஷாவின் கதைக்கு. 'சிவப்பு நிலா' (2001) மஞ்சூரியாவுக்கே திரும்புகிறது.

நம் கேள்வி இங்கேதான். ஓடிவந்தவரின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அந்த நிலம் யாருடையது? ஒரே பிள்ளை ஆக்கிரமிப்பின் வாரிசு, போரின் பலி, இரண்டுமே. இந்த முரணைப் பாட்டு மூடிவிடும். நாவலால்தான் தாங்க முடியும்.