பயிற்சியா, பாவனையா?

ஊருக்கு ஊர் தன்னார்வ முதலுதவியாளர்களை உருவாக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துவைக்கக் கற்ற அண்டை வீட்டுக்காரர்தான் இந்த முதலுதவியாளர். நோக்கம் உயர்ந்தது. அதற்காக நடத்தப்படும் ஒருநாள் முகாம்கள் அந்த நோக்கத்தை நிறைவேற்றுகின்றனவா என்பதே என் கேள்வி.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். கல்லூரிகளில் நான் பார்த்த முகாம்களில், இரத்தப்போக்கை நிறுத்துவதும் எலும்பு முறிந்த கைக்குக் கட்டுப் போடுவதும் நன்றாகவே கற்பிக்கப்பட்டன. காரணம் எளிது. முக்கோணக் கட்டுத்துணி ஒவ்வொரு மாணவர் கைக்கும் வருகிறது. தவறாகக் கட்டினால் அவிழ்த்து மீண்டும் கட்டச் சொல்கிறார்கள்.

இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்யும் மார்பு அழுத்தத்துக்கு வரும்போதோ நிலைமை வேறு. ஒரு மாணவர் மேடையில் படுத்துக்கொள்கிறார். இன்னொருவர் அவர் மார்பில் கை வைத்து, அழுத்துவதுபோல் பாவனை செய்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. மாலையில் எல்லோருக்கும் சான்றிதழ் கிடைக்கிறது.

இது சிறு குறை அல்ல. துடிப்பு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்கிவிடும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஊர்தி எவ்வளவு விரைந்தாலும், அந்த முதல் நிமிடங்கள் அருகில் இருப்பவர் கையில்தான் உள்ளன. அந்தக் கை பழகியது பாவனையை மட்டும் என்றால் என்ன ஆகும்?

இங்கே சிறிது இயற்பியல் பார்ப்போம். வளர்ந்தவரின் மார்பெலும்பு குறைந்தது 5 செ.மீ. தாழ வேண்டும், 6 செ.மீ.க்கு மேல் தாழக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மார்புக்கூட்டின் விறைப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், பலருக்கு 400 முதல் 500 நியூட்டன் வரை, அதாவது 40, 50 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை தேவைப்படும். முழங்கையை மடக்கிக் கைத்தசையால் இந்த விசையைத் தர முயன்றால் விரைவில் சோர்ந்துபோவோம். கைகளை நேராக நீட்டி, தோள்களை நோயாளியின் மார்புக்கு நேர் மேலே கொண்டுவந்தால் நம் உடல் எடையே வேலை செய்யும். நோயாளி மெத்தையில் கிடந்தால் விசையின் பயனில் ஒரு பகுதி மெத்தையை அமுக்குவதிலேயே வீணாகும்; ஆகவே கெட்டியான தரை வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுவதும் எழும்ப விட வேண்டும். அடிபம்பின் கைப்பிடியை மேலே தூக்காமல் தண்ணீர் இறைக்க முடியுமா? இதயமும் அப்படித்தான், அது மீண்டும் நிரம்ப இடைவெளி தேவை.

இவ்வளவு விசையை, துடித்துக்கொண்டிருக்கும் நண்பனின் மார்பில் செலுத்திப் பழக முடியாது, கூடவும் கூடாது. விலா எலும்பு முறியலாம். இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர் மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தும் முறையை வெளியிட்டனர். இவர்களில் கூவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின் பொறியியலாளர்! அதே ஆண்டில் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால் பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். 1972-இல் சியாட்டில் நகரம் பொதுமக்களுக்கே இக்கலையைக் கற்பிக்கத் தொடங்கியது. முறையும் பொம்மையும் சேர்ந்தே வளர்ந்தன. நம் முகாம்களோ முறையை மட்டும் எடுத்துக்கொண்டு பொம்மையை விட்டுவிட்டன.

பொம்மைக்கு விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரே பொம்மையைப் பத்துக் கல்லூரிகள் முறைவைத்துப் பயன்படுத்தலாமே! முந்நூறு பேரை ஒரே அரங்கில் உட்கார வைப்பதைவிட, முப்பது பேரைப் பத்து நாட்கள் அழைக்கலாமே! வேகத்தைப் பழக ஒரு காசும் செலவில்லை. நூலில் சிறு கல்லைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுவரை 7 செ.மீ. இருக்கும்படி ஊசல் செய்யுங்கள். போய்வருவதை ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 113 வரும். இதுவே வேண்டிய வேகம். தரையில் வைக்கும் எடைக்கருவியை அழுத்திப் பார்த்தால் விசையின் அளவும் ஓரளவு கைக்குப் புரியும். ஆனால் இவை துணைக்கருவிகளே; மார்பு தாழ்வதையும் எழுவதையும் பொம்மையில்தான் உணர முடியும்.

இன்னொரு குறையும் உண்டு. கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும் என்பது பல நாடுகளின் அனுபவம். நம் சான்றிதழோ சுவரில் ஆண்டுக்கணக்காகத் தொங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரமாவது மறுபயிற்சி தராத முகாம், வேலையைப் பாதியில் விட்ட முகாமே.

வாசகர்களே, உங்கள் ஊரில் முகாம் நடந்தால் அவசியம் போங்கள். போனதும் கேளுங்கள்: பொம்மை உண்டா? நானே இரண்டு நிமிடம் தொடர்ந்து அழுத்தலாமா? என் தவற்றை யார் திருத்துவார்? மறுபயிற்சி எப்போது? ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தொடாத மாணவருக்கு நாம் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடுவதில்லை. உயிர் காக்கும் வேலைக்கு அதைவிடத் தளர்ந்த விதி எதற்கு?