பாரம் விழுந்த பின்னர்: இரட்சணிய யாத்திரிகம் காட்டும் மனமாற்றம்

கடந்த ஆண்டில் இறையியல் மாணவர் சிலரோடு அமர்ந்து, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை அதற்கு மூலமான ஜான் பன்யனின் நூலோடு ஒப்பிட்டு வாசித்தோம். 1894-ல் நூலாக வெளிவந்த இப்பெருங்காப்பியத்தைப் பற்றி நம் திருச்சபையார் பெருமையோடு பேசுவர். முழுவதும் வாசித்தவர் மிகச் சிலரே. நாமும் குருமாணவராயிருந்த நாளில் தேர்வுக்கு வேண்டிய படலங்களோடு நிறுத்திக்கொண்டவர்தாம். இம்முறை முழுவதையும் வாசிக்கப் புகுந்தபோது மாணவர் ஒருவர் எழுப்பிய வினா நம்மை நெடுநாள் விடவில்லை. இடுக்கமான வாசல் வழியாக யாத்திரிகன் உள்ளே வந்துவிட்டான். அதன் பின்னரும் அவன் முதுகில் ஏன் பாரம் இருக்கிறது? வாசலே கிறிஸ்துவானால், அங்கேயே அது விழுந்திருக்க வேண்டாமா?

இவ்வினா புதிதன்று. பன்யனை வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்துப் போற்றிய ஸ்பர்ஜன் என்னும் இலண்டன் பிரசங்கியாரே இவ்விடத்தில் அவரோடு மாறுபட்டார். சுவிசேஷகன் பாரஞ்சுமந்தவனுக்கு வாசலை அன்று, நேரே சிலுவையைக் காட்டியிருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. உபதேச ஒழுங்கை மட்டும் நோக்கினால் அது சரியே. ஆனால் பன்யன் ஒழுங்கை வகுக்க எழுதவில்லை. தாம் நடந்த வழியை எழுதினார். பாவிகளில் பிரதானமானவனுக்குக் கிருபை பெருகிற்று என்று பொருள்படத் தலைப்பிட்டு, பெட்பர்டு சிறையிலிருந்தபோது 1666-ல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றைப் பார்ப்போர் இதனை அறிவர். இன்று நிச்சயம், நாளை நடுக்கம். ஒரு வசனம் அவரைத் தூக்கி நிறுத்தும், மற்றொரு வசனம் கீழே தள்ளும். இத்தகைய அலைவு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்நூலிலிருந்து, 'இன்ன நாளில் நான் மாறினேன்' என்று ஒரு தேதியைப் பிடுங்கி எடுக்க முயல்வோர் ஏமாந்தே போவர்.

நம் தமிழ்த் திருமறை இதற்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தில் பேதுருவின் பிரசங்கத்தில் மனந்திரும்புதலும் குணப்படுதலும் அடுத்தடுத்து வருகின்றன. கிரேக்க மூலத்திலும் இரு சொற்களே. ஆயினும் தமிழில் அவை வேறொரு சாயல் பெறுகின்றன. திரும்புதல் ஒரு கணத்தின் செயல். நடந்தவன் நின்று முகத்தை மாற்றுகிறான். குணப்படுதலோ நோயாளிக்குரிய சொல். காய்ச்சல் விட்டவன் அன்றே ஏர் பிடிப்பதில்லை. கஞ்சி குடித்து, திண்ணையில் உட்கார்ந்து, சில வேளை மறுபடியும் படுத்து, மெல்லத் தேறுகிறான். நம் பிரசங்க மேடைகளில் முதற்சொல் ஓங்கி ஒலிக்கிறது. இரண்டாவதை நாம் நோய்தீர்க்கும் கூட்டங்களுக்கு ஒதுக்கிவிட்டோம்.

இனிக் காப்பியத்திற்கு வருவோம். பன்யனிடத்தில் பாரம் விழும் காட்சி வியக்கத்தக்க அளவிற்குச் சிறியது. யாத்திரிகன் மேடேறிச் சிலுவையின் அருகே வருகிறான். சுமை தானாகவே தோளிலிருந்து நழுவி உருண்டு கல்லறை வாயிலில் விழுந்து மறைகிறது. சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அவன் அதை அவிழ்க்கவுமில்லை, எறியவுமில்லை என்பதே அங்கு உயிர்நிலை. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றையே விரித்துப் பாடுகிறார். மூலத்தில் இல்லாத இவ்விரிவைச் சிலர் கதையின் ஓட்டத்திற்குத் தடை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1678-ல் பெட்பர்டு வாசகனுக்குப் பாடுகளின் வரலாறு மனப்பாடம்; குறிப்புக் காட்டினாலே போதும். கம்பனையும் ஆழ்வார்களையும் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகனுக்கோ சிலுவை ஓர் அயல்நாட்டு அடையாளம். எதைக் கண்டு பாரம் விழுந்தது என்பதை அவனுக்குக் காட்டியாக வேண்டும்.

அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. வைணவக் குடியிற் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் இப்புலவர். பக்தி மரபில் மாற்றம் என்பது முதலில் மனிதன் எடுக்கும் முடிவன்று; காணத்தக்கதைக் கண்டு உள்ளம் உருகுதல். அவர் தெய்வத்தை மாற்றிக்கொண்டார். உருகும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. கம்பனுடைய நடையையும் உடன் கொண்டுவந்தார். ஆரணிய பருவம் என்னும் பெயரே அதற்குச் சான்று. கிறிஸ்துவுக்குள் வருகிறவன் தன் பழைய உடைமையெல்லாம் வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு வரவேண்டும் என்று கற்பிப்போர் இக்காப்பியத்தை எங்ஙனம் ஏற்பர் என்பது நமக்கு விளங்கவில்லை. திருமுழுக்கிற்கும் நூல் வெளியீட்டிற்கும் இடையே 36 ஆண்டுகள் உள்ளன. அவற்றுள் 13 ஆண்டுகள் நற்போதகம் இதழில் பகுதி பகுதியாக இது வந்துகொண்டிருந்தது. திரும்பியவர் குணப்பட எடுத்துக்கொண்ட காலம் அது என்று சொன்னால் மிகையாகாது.

பன்யனை மீண்டும் நோக்கினால், பாரம் விழுந்த பின்னரே கதையின் பெரும்பகுதி நடக்கிறது. மலைச்சரிவின் நிழற்பந்தலில் யாத்திரிகன் உறங்கிப்போய்த் தன் சுருளைத் தவறவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்து தேடுகிறான். சிலுவையைக் கடந்த அதே மனிதன் பின்னொரு நாள் அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் அடைபட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணுமளவிற்குத் தாழ்கிறான். கடைசி ஆற்றிலும் அவனுக்குப் பயமே. இவனை 'முதலிலேயே இரட்சிக்கப்படாதவன்' என்று பன்யன் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

நாம் சொல்லியிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், நம் பொறுப்பிலிருந்த ஒரு கிராமச் சபையில், நெடுநாள் குடிப்பழக்கத்தை விட்டு வந்த ஒருவர் அறுப்பின் பண்டிகைக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னார். தேதியும் மணியும் சொன்னார். சபையார் அல்லேலூயா என்றனர். எட்டு மாதங்களில் மறுபடியும் விழுந்தார். அது மெய்யான மனமாற்றமன்று என்று மூப்பர்கள் தீர்மானித்தபோது நாமும் தலையசைத்தோம். அவர் கோயிலுக்கு வருவதை விட்டார். மனைவி மட்டும் கடைசி வரிசையில் பாயில் வந்து உட்காருவார். ஒருநாள் ஆராதனை முடிந்ததும், "ஐயா, இந்தத் தடவை பதினோரு நாள் குடிக்காமல் இருந்தார்" என்றார். அதற்கு என்ன மறுமொழி சொன்னோம் என்பது நினைவில்லை. தக்க மறுமொழி ஏதும் சொல்லியிருக்க மாட்டோம். தேதி கேட்கத் தெரிந்த நமக்கு அந்தப் பதினொரு நாள்களை வைக்க ஓர் இடம் தெரியவில்லை.

இங்கேதான் கிருஷ்ண பிள்ளையின் மேல் நமக்கு ஒரு மனக்குறை. பன்யனின் யாத்திரிகன் காதில் விரலை வைத்துக்கொண்டு, மனைவி மக்களைப் பின்னே விட்டு ஓடுகிறான். அக்காட்சி பன்யனையே உறுத்தியிருக்க வேண்டும். 1684-ல் இரண்டாம் பாகம் எழுதி, அந்த மனைவியையும் நான்கு புதல்வரையும் அதே வழியில் நடத்தினார். இரட்சணிய யாத்திரிகம் முதற்பாகத்தையே தழுவியது. மதமாற்றத்தால் வீடுகள் இரண்டாகப் பிளந்த ஒரு நாட்டில், பின்தங்கியோரின் பயணத்தையே காப்பியப் புலவர் பாடாது விட்டது பேரிழப்பு. தனியொருவனின் வீரப் பயணம் காப்பிய இலக்கணத்திற்கு எளிதில் பொருந்திற்று போலும்.

இரண்டாம் பாகத்திலோ தனியே நடப்பவர் அரியர். சிறுவரும் பெண்டிரும் நோயாளிகளும் கூட்டமாய்ச் செல்கின்றனர். வழித்துணைவர் அவர்களுள் தளர்ந்தவருக்கு ஏற்பத் தம் நடையைக் குறைத்துக்கொள்கிறார். அவநம்பிக்கையின் கோட்டையை அவர்கள் இடித்துத் தள்ளிய நாளில், எப்போதும் ஊன்றுகோலோடு நொண்டி வரும் ஒருவர் ஒரு கையில் கோலைப் பிடித்தபடியே எழுந்து நடனமாடுகிறார். அவர் கோலை இன்னும் எறிந்துவிடவில்லை என்பதை மாணவர்களுள் ஒருவர் சுட்டிக்காட்டினார். வரும் ஆண்டில் அப்பாகத்தை அவர்களோடு முழுவதும் வாசிக்க எண்ணியுள்ளோம்.