தோலில் எழுதிய தோரா

சங்கப் பாடல்களில் தங்கள் ஊர்ப்பெயரைக் காணும் காவிரிக்கரை முசிறிக்காரர்களுக்கு உள்ளம் துள்ளும். ஆனால் அந்த முசிறி, பெரியாற்று முகத்தில் மிளகு ஏற்றிய சேரர் துறைமுகம். அதன் அருகே கொடுங்கல்லூரில் வாழ்ந்த யூதர்கள் பின்னர் கொச்சிக்குக் குடிபெயர்ந்தனர்.

எங்கு போனாலும் அவர்களுக்கு வழிகாட்டி தோராதான்: மோசேயின் ஐந்து நூல்கள்.

தோரா எழுதப்படும் சுருளின் வேலைப்பாடு வியக்க வைக்கும். பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், 3,04,805 எழுத்துகளையும் கையாலேயே எழுதுகிறார்கள். முடிக்க ஓராண்டுகூட ஆகும். ஓர் எழுத்து பிழைத்தாலும், திருத்தும்வரை அதை வழிபாட்டில் வாசிக்கக் கூடாது. வாசிப்பவர் தோலை விரலால் தொடமாட்டார். கைவடிவக் கோலால் வரியைத் தொடர்வார்.

1568இல் எழுந்த கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தின் தோராவுக்கு, 1805இல் திருவிதாங்கூர் மகாராஜா பொற்கிரீடம் அளித்தார். வேற்றுச் சமயத்தவரின் மறைக்கு ஓர் அரசர் செய்த அழகான மரியாதை அது!

தோராவின் ஆண்டு வாசிப்பு நிறைவுறும் சிம்ஹத் தோரா திருநாளில், கொச்சி யூதர்கள் சுருள்களை ஏந்தி, பாடியபடி ஆலயத்தைச் சுற்றி வருவார்கள். கடைசிப் பகுதியை முடித்த கையோடு முதல் நூலான ஆதியாகமத்தைத் தொடங்குவார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். அங்கே நெவாதிம் போன்ற ஊர்களில் கொச்சி மரபு தொடர்கிறது.