ஏற்றத்தில் நடந்த பிள்ளை

"நடந்துட்டாளே!" நீலகிரி மலைப்பாதை ஓட்டத்தின் காணொளி கைபேசிக்குக் கைபேசி பரவியதிலிருந்து கோவில்பட்டி டீக்கடைகளில் இதே பேச்சு. நீர்த்தேக்கத்தின் ஓரமாக வரும் பாதை சட்டென்று திரும்பி மரங்களுக்குள் ஏறுகிறது. புதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அந்தத் திருப்பத்தில் ஓட்டத்தை விட்டு, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி நடக்கத் தொடங்குகிறாள். பின்னால் வந்த இருவர் ஓடியே அவளைத் தாண்டுகிறார்கள். மூச்சு வாங்கிருச்சு, கரிசக்காட்டுப் பிள்ளைக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, பயிற்சி போதாது என்று ஆளுக்கொரு தீர்ப்பு.

அந்தத் துண்டுக் காணொளியில் சரியாக ஓடியவள் அவள் ஒருத்திதான் என்பது என் கட்சி. பந்தய முடிவுக்குள் நான் போகப்போவதில்லை. எனக்கு அந்தத் திருப்பம் போதும்.

அவள் எங்கே நடக்கத் தொடங்கினாள் என்று கவனியுங்கள். களைத்தவர் ஏற்றத்தின் நடுவில் நிற்பார். முதலில் தோள் தொங்கும், பிறகு எட்டு குறுகும், கடைசியில் கால் நின்றுபோகும். இவள் சாய்வு மாறிய முதல் அடியிலேயே நடைக்கு மாறினாள். தோள் தொங்கவில்லை, தலை கவிழவில்லை. அந்த இடத்தை முன்பே பார்த்து வைத்து எடுத்த முடிவு அது.

அந்த முடிவுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. மிகச் செங்குத்தாகச் சாய்க்கக்கூடிய ஓடுபொறி ஒன்றைக் கட்டி, மலையோட்டக்காரர்களையே அதில் ஏற்றி அளந்தார்கள் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2016-இல் வந்த அந்த ஆய்வின்படி, சாய்வு ஏறத்தாழ 16 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஒரே அளவு உயரத்தை ஒரே நேரத்தில் ஏற ஓட்டத்தைவிட நடைக்குத்தான் குறைந்த ஆற்றல் செலவாகிறது. மேலே போய்ச் சேரும் நேரம் ஒன்று, செலவு மட்டும் குறைவு. இதில் எங்கே வந்தது தோல்வி? ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. கையிருப்பு சுருங்கிய இடத்தில் வீண்செலவு செய்யாதவளைப் பார்த்துத்தான் நம்மவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள்.

மலையேரிகளுக்கு நடுவே ஓடும் தடத்தில் இந்த முடிவை ஒருமுறை எடுத்தால் தீராது. ஏரி என்றாலே பள்ளம். காஷ்மீரில் விஷன்சர், கிஷன்சர், கட்சர், கங்காபல் ஏரிகளை இணைக்கும் பாதையில், பனியாறு குடைந்த பள்ளங்களில் நீர் நிற்கிறது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக 4,000 மீட்டரை ஒட்டிய கணவாய்களை ஏறிக் கடக்க வேண்டும். நீலகிரியில் பனியாறு கிடையாது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி எல்லாம் குந்தா மின்திட்டத்துக்காகப் பள்ளத்தாக்கை அடைத்துத் தேக்கிய நீர். ஆனாலும் ஓடுபவருக்குக் கணக்கு ஒன்றுதான். நீரைப் பார்க்க இறங்கினால், நீரை விட்டுப் போக ஏறியாக வேண்டும். ஆல்ப்ஸில் மோன் பிளாங்கைச் சுற்றி 2003 முதல் நடக்கும் ஓட்டம் 170 கிலோமீட்டருக்கும் மேல், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். காம்பால் ஏரிச் சமவெளி முடிந்ததும் ஓர் ஏற்றம், ஷாம்பே ஏரிக்கரை ஊரைத் தாண்டிப் போனால் இன்னொன்று. முன்னணியில் வருபவர்களே அங்கே கைத்தடி ஊன்றி நடக்கிறார்கள். அவர்களை யாரும் 'நடந்துட்டாங்களே' என்பதில்லை.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். ஹாக்கியைக் கரைத்துக் குடித்த ஊர் இது. முன்களத்தில் ஆடுபவர் சில நிமிடங்கள் பறந்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்கிறார், மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடி உள்ளே போகிறார். மாற்று ஆட்டக்காரரை எந்த நேரத்தில் இறக்கினார்கள் என்பதை வைத்தே பயிற்சியாளரை எடைபோடும் ரசிகர்கள் நாம். மலையோட்டக்காரருக்குப் பெஞ்சு கிடையாது. அவருக்கு ஏற்றம்தான் பெஞ்சு.

காணொளியில் யாரும் பேசாத இன்னொரு இடம், திருப்பத்துக்குச் சற்று முன்னால் வரும் நீரோரச் சமதளம். படம் எடுப்பவர்கள் நிற்பது அங்கேதான். தண்ணீர் பளபளக்கிறது, பாதை அகலமாக இருக்கிறது, கைதட்டல் கேட்கிறது. எல்லாரும் அங்கே வேகம் கூட்டுகிறார்கள். இவள் மட்டும் வேகத்தைச் சற்றுத் தளர்த்தி, இடுப்புப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போடுகிறாள். நம் ஊர்க் கண்ணுக்கு அது என்னவென்று தெரியும்: 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கடலை மிட்டாய். வெல்லம் சீக்கிரம் ரத்தத்தில் சேரும், கடலை செரிக்க நேரமெடுக்கும். மூச்சு இரைக்கும்போது கடலையை மென்று விழுங்க முடியாது. எனவே ஏற்றத்துக்கு முன், சமதளத்தில் தின்றாக வேண்டும். தின்றதும் நடந்ததும் ஒரே முடிவின் இரண்டு பகுதிகள்.

இதைவிடக் கடினமான முடிவு அடுத்து வருவது: நடையிலிருந்து எப்போது ஓட்டத்துக்குத் திரும்புவது? உச்சியில் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத்தான் பலரும் ஓடத் தொடங்குகிறார்கள். மலையோட்டத்தில் நேரம் தொலைவது அங்கேதான், நடையில் அல்ல. சாய்வு தணியும் இடம் உச்சிக்கு முன்பே வந்துவிடும், அங்கேயே கால் ஓட்டத்துக்கு மாறியிருக்க வேண்டும். இந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் மாறுகிறாள். அவளிடம் நான் காணும் ஒரே குறை இது. பழகப் பழகச் சரியாகும்.

கரிசல் பிள்ளைக்கு மலை ஒத்துக்கொள்ளாது என்ற பேச்சுக்கு வருகிறேன். சித்திரை, வைகாசியில் நம் காட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நீரைக் குடித்து உப்பி, வெயிலில் சுருங்கும் களிமண் இது. பாதம் நுழையுமளவு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையிலோ நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் அப்பிக் காலைக் கல்லாக்கிவிடும். பருத்திக் காட்டுக்கும் மிளகாய்க் காட்டுக்கும் இடையே வரப்பில் ஓடியே வளர்ந்த பிள்ளைக்கு எட்டு குட்டையாக இருக்கும், கண் மூன்று எட்டு முன்னால் இருக்கும், கணுக்கால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிமிரும். ஈர வேரும் உருளும் கல்லுமான மலைப்பாதை கேட்பது இதைத்தான். வெயில் தரும் வரவும் உண்டு. வெக்கையில் பழகிய உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, அதே வேலையை இதயம் சிரமம் குறைந்து செய்கிறது. சிந்தெடிக் தடத்தில் மட்டுமே ஓடிப் பழகியவர்களைவிட இவளுக்கு அனுகூலம் உண்டு என்பேன். என் மண்பாசம் என்று நினைத்தாலும் சரி.

நம்மிடம் இல்லாதது இறக்கம். கோவில்பட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர்தான், புதூர்ப் பக்கம் உயரமான இடம் என்றால் கண்மாய்க் கரை. இறக்கத்தில் மூச்சுச் செலவு குறைவு. நூற்றுக்கு இருபது என்ற சரிவில் இறங்க, சமதள ஓட்டத்துக்கு ஆகும் ஆற்றலில் பாதி போதும் என்று 2002-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஆனால் ஒவ்வோர் எட்டிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே தடை போடுகிறது, அதில் நார் நாராகச் சிதைகிறது. மூன்றாவது ஏரியைத் தாண்டும்போது பலருக்கும் கால் நடுங்குவது ஏற்றத்தால் அல்ல, அதற்கு முந்தைய இறக்கங்களால். நல்ல செய்தி, ஒருமுறை கடுமையாக இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கிறது. பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் குருமலையிலோ கழுகுமலைப் பக்கத்துப் பாறைச் சரிவிலோ, அனுமதி பெற்று, நல்ல இறக்கப் பயிற்சி ஒன்று கொடுங்கள். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு மலைக்கு அனுப்புவது இந்த வட்டாரத்தில் நிற்க வேண்டும்.

இனி என் கணிப்புகள். அடுத்த பருவத்தில் அதே திருப்பத்தில் நடப்பவர்கள் எண்ணிக்கை கூடும், கடைசிப் பத்து கிலோமீட்டரில் அவர்கள்தான் ஆள் தாண்டுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்கான வனத்துறை விதிகள் இறுகின. அது நியாயம். 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தது. அவற்றில் இரண்டு மூன்றையாவது, தீப்பருவம் தவிர்த்து, பயிற்சி ஓட்டத்துக்கும் விடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அது நடந்தால் ஐந்தே ஆண்டில் தமிழ்நாட்டு மலையோட்ட மேடையில் சமவெளிப் பிள்ளைகள் ஏறுவார்கள்.

இந்தப் பிள்ளையை இப்போதே லடாக்குக்கு அனுப்பத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் உறைந்த பாங்காங் ஏரிமேல் ஓட்டம் நடந்தது, உயரம் 4,000 மீட்டருக்கு மேல். கார்துங் லா கணவாயைத் தாண்டும் 72 கிலோமீட்டர் ஓட்டம் அதைவிட உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே காற்று மெல்லியது, நீலகிரியில் ஓடக்கூடிய சாய்வில்கூட நடக்க வேண்டிவரும். லேயில் பல நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவே கூடாது. இன்னும் இரண்டு பருவம் அவள் நீலகிரியிலேயே ஓடட்டும், உச்சிக்கு முன்பே ஓட்டத்துக்கு மாறும் பழக்கம் காலில் ஏறட்டும். மூன்றாவது ஆண்டு அவள் லே போனால், எல்லாரும் ஓடிக் களைக்கும் ஏற்றத்தில் முதல் ஆளாக நடக்கத் தொடங்குவாள், முதல் ஐந்து பேருக்குள் வருவாள்.