தோலுக்குத் திறந்த வாயில்

"அந்தச் சாதியில் பிறந்தாலும் அவர் நல்லவர்!"

முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் தொடர்வண்டியில் நம் காதில் விழுந்த பாராட்டு இது. பாராட்டா இது? 'பிறந்தாலும்' என்பதன் ஈற்றில் ஒட்டியிருக்கும் 'உம்'மைக் கவனியுங்கள், தோழர்களே! ஒருவரை உயர்த்துவதுபோல் காட்டி, அவர் பிறந்த கூட்டம் முழுவதையும் அது குழியில் தள்ளுகிறது. இந்த 'உம்' நேற்று முளைத்ததன்று. இதற்குக் காவியமே உண்டு. அதுதான் நந்தன் கதை!

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், ஆதனூர்ச் சேரியிலே பிறந்த நந்தன் கோயில் முரசுக்குத் தோல் தருகிறான்; வார் தருகிறான்; யாழுக்கு நரம்பு தருகிறான். தோல் உள்ளே செல்கிறது. தந்தவன் வெளியே நிற்கிறான். செத்த மாட்டின் தோலுக்கு இல்லாத தீட்டு, உயிருள்ள மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? பார்ப்பவர் நெஞ்சிலிருந்து வந்தது!

திருப்புன்கூரில் நந்தி விலகிற்றாம். கல் விலகியது, தில்லையிலே மனிதர் விலகினரா? கனவில் தோன்றிய இறைவன், கதவைத் திறக்கச் சொல்லவில்லை. எரியில் மூழ்கி வரச் சொல்கிறான். தீயினின்று எழுந்தவன் மார்பிலே பூணூல்! அதன் பின்னரே அந்தணர் கைகூப்புகின்றனர். அப்படியானால் உள்ளே சென்றவன் யார்? சேரியில் பிறந்த நந்தன் வெளியிலேயே சாம்பலானான்!

சேரியில் பிறந்தவனை நாயன்மாருள் ஒருவனாக வைத்துப் பாடிய சேக்கிழாரின் உள்ளத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், ஒருவனை ஏற்ற அக்கதை, ஊரை ஏற்றதா? 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் புதிதாக ஒரு வேதியப் பண்ணையாரைப் படைத்தார். நாற்பது வேலி நிலம் ஓரிரவில் விளைந்த பிறகே நந்தனுக்கு விடை கிடைக்கிறது. அற்புதம் நிகழாத மற்றப் பண்ணையாட்களின் கதி?

கார்டன் ஆல்போர்ட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், 1954இல் வெளியிட்ட நூலில் இம்மனநிலையை விளக்கினார். வெறுப்புக்கொண்ட மனம் தன் கருத்துக்கு மாறான ஒருவரைக் கண்டால், வெறுப்பைக் கைவிடுவதில்லை. அவரை மட்டும் 'விதிவிலக்கு' என்று உள்ளே விட்டு, வேலியை மீண்டும் அடைத்துக்கொள்கிறது. நந்தனுக்கு மூட்டிய தீ, அந்த வேலியை எரிக்கவில்லை; காத்தது!

வேலி உடைய வழி என்ன? சமநிலையில் பழகுதல், பொதுவான பணி, சட்டத்தின் துணை என்றார் அவர். அதற்கு முன்பே, 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தன் பெயரால் பள்ளி கண்டார். அவர் பக்தர், நமது வழி வேறு. எனினும், ஒருவன் தீப்புகுந்த ஊரில் நூற்றுக்கணக்கான சிறார் பள்ளிபுகும் வாயிலை அவர் திறந்தார். 1947இல் ஆலய நுழைவுச் சட்டமும் வந்தது. கோயில் கதவைச் சட்டம் திறக்கும். நெஞ்சக் கதவை யார் திறப்பது?

ஒன்றை மறைப்பதற்கில்லை. தொடர்வண்டியில் அந்தப் பாராட்டைக் கேட்டபோது, நாமும் தலையசைத்தோம். வண்டியை விட்டிறங்கிய பிறகே சுட்டது. பகுத்தறிவு பேசும் நம் நெஞ்சிலும் அந்த வேலியின் முள் கிடக்கிறது!

எனவே தோழர்களே, புராணத்தைச் சாடுமுன் நம் நாவைச் சோதிப்போம். "அவர் நல்லவர்" — அவ்வளவே போதும். 'பிறந்தாலும்' வேண்டாம்!