எழும்பூரில் செப்புத் திருமேனிகளைப் பார்ப்பது எப்படி?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் கற்களும் கனிமங்களுமாகத் தொடங்கியது. இன்று சிற்பம், நாணயம், தாவரம், விலங்கு என்று அங்கே இல்லாத துறை குறைவு. அத்தனையையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. முதல் தடவை போகிறவர்கள் நேராகச் செப்புப் படிமக் கூடத்துக்குப் போங்கள்.

அங்கே முதலில் பீடத்தைப் பாருங்கள். பல திருமேனிகளின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டு கோத்து வீதியுலாவுக்குத் தூக்கிச் செல்ல வைத்தவை அவை. கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய உற்சவரின் முகமும் கையும் பாதமும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். துணிக்குள் மறையப்போகும் இடையையும் முதுகையும்கூடச் சோழர் காலத்து ஸ்தபதி குறைவைக்கவில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நிதானமாக நில்லுங்கள். சிவன் பாதிக்கு இரண்டு கை, உமை பாதிக்கு ஒரே கை. அந்தச் சமமின்மை உறுத்தவே இல்லை. இடுப்பு வளைவு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். பிறகு அச்சை உடைத்தால்தான் படிமம் வெளியே வரும். ஆகவே ஒவ்வொன்றும் ஒரே ஒன்றுதான்.

அடுத்து முகம். சிலவற்றில் கண்ணும் மூக்கும் மழுங்கியிருக்கும். நெடுங்காலம் திருமஞ்சனம் செய்து துடைத்த கைகளின் தடம் அது. சேதம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரையும் படியுங்கள். படையெடுப்புக்கு அஞ்சி மண்ணில் புதைத்த திருமேனிகள், பின்னாளில் உழும்போதும் தோண்டும்போதும் கிடைத்தன. 1878-ன் புதையல் சட்டம் வழியாகப் பல இங்கே வந்து சேர்ந்தன.

மண்ணில் கிடந்ததால் உப்பும் ஏறியது. வழவழப்பான கரும்பச்சைக் களிம்பு கெடுதல் செய்யாது, உலோகத்தைக் காக்கும். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வதுதான் நோய்: குளோரைடு உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளே உள்ளே தின்னும். இதற்காகவே 1930-ல் இங்கே வேதியியல் ஆய்வகம் ஏற்பட்டது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்னாற்பகுப்பு முறையில் அந்த உப்பை வெளியேற்றிப் படிமங்களைக் காப்பாற்றினார். கலையை ரசிக்கிறவர்கள் அவரையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நேரம் இருந்தால் கற்கருவிகளையும் பாருங்கள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கல்லின் விளிம்பை உற்றுப் பார்த்தால், சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்த வரிசை தெரியும். தானாக உடைந்த கல்லுக்கு அந்த ஒழுங்கு வராது. ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த பொருட்களை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை தனியாக நேரம் கேட்பவை.

கண்ணாடியில் கை வைக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரே ஒரு திருமேனியை வரையச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள்.