சிகிச்சையும் சந்ததியும்

புற்றுநோயைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை சாவைப் பற்றியவை. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சாவு என்று வந்துவிட்டால் எழுதுகிறவனுக்கு முடிவு தானாகக் கிடைத்துவிடுகிறது. பிழைக்கவும் கூடும் என்ற நிலையில் ஒரு குடும்பம் போட்டுவைத்த கணக்குகள் (இன்னொரு குழந்தை, வீடு, ஊர் மாற்றம்) என்னவாகின்றன என்பதை எழுதுவதுதான் சிரமம்.

நம் சினிமா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது: தியாகம். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் நோயாளிக் கணவன் தனக்குப் பின் மனைவி யாரை மணக்க வேண்டும் என்று தானே தீர்மானிக்கிறான். 'வாழ்வே மாயம்' (1982) நாயகன், காதலி தன்னை வெறுக்கட்டும் என்று கெட்டவனாக நடிக்கிறான். இரண்டிலும் பெண்ணைக் கேட்பதில்லை. முதல் படத்தில் அவளுக்கு மறுத்துப் பாட ஒரு பாட்டாவது இருக்கிறது. படத்தின் நியாயமே அந்தப் பாட்டில்தான் என்பேன்.

1968ல் ரஷ்யாவுக்கு வெளியே அச்சான ஸோல்ஷெனிட்ஸினின் 'புற்றுநோய் வார்டு' நாவலை அரசியல் உருவகமாக வாசிப்பதே வழக்கம். வார்டு என்றால் சோவியத் நாடு, கட்டி என்றால் ஸ்டாலினியம். இந்தச் சமன்பாடு தப்பில்லை, சோம்பேறித்தனமானது. நாவலின் உயிர் ஓர் ஊசிமருந்தில் இருக்கிறது. யுத்தம், சிறைமுகாம் எல்லாம் கழித்துத் தொலைவான ஓர் ஊரில் ஆயுள் முழுக்க வசிக்கத் தண்டிக்கப்பட்ட கோஸ்டோகுளோடாவுக்கு வயது 34. கதிர்வீச்சில் கட்டி கரைகிறது. அது திரும்பாதிருக்க ஹார்மோன் ஊசி. அதனால் ஆண்மை போய்விடும் என்பதை டாக்டர்கள் சொல்வதில்லை. நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவ மாணவி ஸோயா சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது. எதற்காக உயிரோடிருக்க நினைத்தானோ அதை வாங்கிக்கொண்டு உயிரைத் தருகிறார்கள். டாக்டர் டான்ட்ஸோவா கெட்டவள் அல்ல. ஓயாமல் உழைப்பவள்; பிற்பாடு தானும் நோயாளியாகிறவள். நோயாளியிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாது, அவ்வளவுதான். இந்தக் கொடுமையை நல்லவர்கள் மூலம் காட்டியதில் ஸோல்ஷெனிட்ஸின் பெரிய கலைஞர். ஆனால் முடிவில், தன் வீட்டுக்கு அழைத்த டாக்டர் வேராவிடம் தங்காமல், ஒரு கடிதம் எழுதிவிட்டு அவன் ரயிலேறிவிடுகிறான். அந்த இடம் மகத்தானது என்று விமர்சகர்கள் எழுதிவிட்டார்கள்.

என் தங்கைக்கு அப்படித் தோன்றவில்லை. 31 வயதில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி முடிந்து டமாக்ஸிஃபென் மாத்திரை, ஐந்து வருஷம். சாப்பிடும்வரை கர்ப்பம் கூடாது. மூத்தவளுக்கு நாலு வயது. அடுத்த பிரசவத்துக்கென்று மாதாமாதம் என் கவுண்டரில் கட்டிவந்த ஆர்.டி.யை முறித்துத்தான் கீமோவுக்குக் கட்டினார்கள். முறிக்கும் படிவத்தை நான்தான் நிரப்பினேன். காரணம் எழுத அதில் ஒரு கோடு இருந்தது, 'சொந்தச் செலவு' என்று எழுதினேன். "வேண்டாம்னு யாரும் சொல்லலை அண்ணா, அப்புறம்னுதான் சொல்றாங்க" என்றாள். இந்த 'அப்புறம்' தான் நம் இலக்கியத்தில் இல்லாத சொல். மாத்திரையை நடுவில் இரண்டு வருஷம் வரை நிறுத்திக் குழந்தை பெற்றவர்களிடம் நோய் திரும்புவது குறுகிய காலத்தில் கூடவில்லை என்று 2023ல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. டாக்டர் அதைச் சொன்னார். நீண்டகாலக் கணக்கு இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னார். அவளும் மாப்பிள்ளையும் இன்னும் முடிவு செய்யவில்லை. மாமியார் மாசம் ஒரு தடவை கேட்கிறார். ரஷ்ய நாவலை நான் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தபோது தங்கை கேட்டது ஒன்றுதான்: "அந்த வேராகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

கேட்கவில்லை. தியாகம் ரஷ்யாவிலும் ஆணின் தனிச்சொத்துதான்.

பால் கலாநிதியின் 'வென் ப்ரெத் பிகம்ஸ் ஏர்' (2016) இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு நரம்பியல் அறுவை சிகிச்சைக்குப் போனவர். (அதே பட்டத்தோடு வங்கிக்கு வந்தவனுக்குக் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும்.) 2013ல், 36 வயதில், நுரையீரல் புற்றுநோய். இருபது வருஷம் மருத்துவம், பிறகு இருபது வருஷம் எழுத்து என்று போட்டிருந்த திட்டம் போயிற்று. வாழ்வின் அர்த்தம் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் எனக்கு அலுப்பூட்டின. மேற்கோள் மோகம் அதிகம். ஆனால் குழந்தை பெறுவதா என்று கணவனும் மனைவியும் பேசும் இடத்தில் நடிப்பே இல்லை. அந்தத் தாம்பத்தியம் நோய்க்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. குழந்தையைப் பிரிவது சாவை இன்னும் வேதனையாக்காதா என்று லூசி கேட்கிறாள். ஆக்கட்டுமே, அது நல்லதுதானே என்பது அவர் பதிலின் சாரம். இங்கே கேள்வி கேட்கப்படுகிறது. பதில் இரண்டு பேருடையது.

2014 ஜூலையில் மகள் பிறந்தாள். எட்டு மாதம் கழித்து, 2015 மார்ச்சில், புத்தகத்தை முடிக்காமலே அவர் இறந்தார். மிச்சத்தை எழுதியது லூசி. தங்கை அந்தப் பின்னுரையைத்தான் முதலில் படித்தாள்.